கம்பைலர் செய்தியில் தமிழ்ப் புள்ளி: ஒரு குறியாக்க வரலாறு

உதகை, குன்னூர், கோத்தகிரி. நீலகிரியின் இந்த மூன்று ஊர்ப்பெயர்களையும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தனித்தனிக் கோப்பாகச் சேமித்து, விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் படிக்குமாறு பைத்தானிடம் சொன்னால் விந்தை ஒன்று நடக்கும். உதகை தடையின்றி உள்ளே போய்ப் பொருளற்ற குறிகளாக வெளியே வரும். மற்ற இரண்டிலும் பைத்தான் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். ஒரே மலையின் ஊர்களுக்குள் ஏன் இந்தப் பாகுபாடு?

விடைக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். தமிழ் கணினிக்குள் நுழைந்த காலத்தில் எழுத்துரு வேறு, குறியாக்கம் வேறு என்ற பிரிவே இல்லை. இலங்கையில் பரவிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தது. அதில் புள்ளிக்குக் கிடைத்த இடம் அரைப்புள்ளி. சி மொழியில் கட்டளையை முடிக்கும் குறியும் அதுவே. மேற்கோளுக்குள் இருக்கும்வரை கவலையில்லை. மாறியின் பெயராக வைத்தால் முதல் மெய்யெழுத்திலேயே கட்டளை முடிந்துவிடும். டிஸ்கி குறியாக்கமும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான டேப் தரமும் இதைத் தவிர்த்தன. கீழ் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுத் தமிழை மேல் 128-இல் வைத்தன. எடிட்டருக்கு உரிய எழுத்துருவைக் கொடுத்தால் கம்பைலர் செய்தி ஒழுங்காகத் தெரிந்தது. எழுத்துரு சொன்னது பொய்தான், ஆனால் உதவிய பொய்.

1991-இல் வெளிவந்த யூனிகோடு, தமிழ் எழுத்துகளின் வரிசையை இந்திய அரசின் இஸ்கி குறியாக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றபோது யூனிகோடு வழியாக மட்டுமே ஏற்றது. ரஷ்ய மொழிக்கு 1251, ஜப்பானியத்துக்கு 932 என்று பழைய நிரல்களுக்கான குறிப்பக்கம் என்ற எழுத்து அட்டவணை இருந்தது. தமிழுக்கு அப்படி எதுவும் இல்லை. 57004 என்ற இஸ்கி பக்கம் மாற்றிக்கொள்ள மட்டுமே பயன்பட்டது. எனவே கோத்தகிரியில் இருக்கும் கணினியும் பழைய நிரல் கேட்டால் 1252-ஐத்தான் நீட்டும். சிக்கலின் வேரே இங்கேதான் என்பது என் கருத்து.

யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. 1252-இல் 174 என்பது பதிவுபெற்ற வணிகச் சின்னம். திரையில் அந்த வட்டமிட்ட ஆர் திரும்பத் திரும்ப வந்தால், அடியில் தமிழ் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். கேள்விக்குறிகளாக வந்தால் பெரும்பாலும் மூலமே போய்விட்டது, மீட்க முடியாது.

1252-இல் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. புள்ளியின் மூன்றாம் பைட் 141. உகரக் குறியின் மூன்றாம் பைட் 129. ஏ, ஐ இரண்டுக்கும் முறையே 143, 144. கோத்தகிரி புள்ளியில் இடறுகிறது. குன்னூர் அதற்கும் முன்பே உகரத்தில். உதகையில் இந்த நான்கும் இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியில் அச்சிடும் கட்டளையான ‘பதிப்பி’யிலும் புள்ளி உண்டு. (ஓலைச்சுவடிக்காரர்கள் பெரும்பாலும் புள்ளி இடாமல் தப்பித்துக்கொண்டார்கள்.)

எடிட்டருக்கு வரும் செய்தியில் சிக்கல் இன்னொரு மடிப்பு கூடுகிறது. கோப்பின் குறியாக்கம் ஒன்று, கம்பைலர் பேசும் குறியாக்கம் மற்றொன்று. விம் எடிட்டர் 2017-இல்தான் ‘மேக்என்கோடிங்’ என்ற தனி அமைப்பைச் சேர்த்து இந்த இரண்டையும் பிரித்தது. ஜிசிசி கம்பைலர் பெயர்களைச் சுற்றி இடும் வளைந்த மேற்கோள்கள்கூட இந்தக் குழப்பத்தில் சிதையும். ஆகவே முழு ஆங்கில நிரலும் தப்பாது. சூழல் மொழியை ‘சி’ என்று மாற்றிவிடு என்பது வழக்கமான அறிவுரை. மேற்கோள் சரியாகும்; ஆனால் தமிழ் மாறிப்பெயர் எண்களாக உடைந்து வரும். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கான மருந்து அது.

பிழை வரியில் எத்தனையாவது இடத்தில் என்று காட்டும் பத்தி எண்ணும் ஏமாற்றும். ‘கோத்தகிரி’ கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 9 குறி, கோப்பில் 27 பைட். ஜிசிசி 2021-இல் வந்த 11-ஆம் பதிப்புக்கு முன்புவரை பைட்டையே எண்ணியது. வரியைத் தொடங்கும் பெயரையடுத்து நிற்கும் பிழை 28-ஆம் பத்தியில் என்று அது சொல்ல, எடிட்டர் 28-ஆம் எழுத்தைத் தேடி வரிக்கு வெளியே போனது.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். பைத்தான் மாறிப்பெயரில் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஜிசிசி எச்சரிக்கை தரும், ஒன்றாக்காது. ஒரு வகையில் அறிவித்த பெயரை மறு வகையில் அழைத்தால், அப்படியொரு பெயரே அறிவிக்கப்படவில்லை என்று சொல்லும். செய்தியில் ‘கோத்தகிரி’ துல்லியமாகத் தெரியும். மேலே அறிவித்த வரியிலும் அதே ‘கோத்தகிரி’தான் தெரியும்.