அப்பாவின் பாஸ்புக்கில் ₹436 இருக்கா? வீட்டில் ஒருவர் இறந்தபின் கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்

வாலாஜாபாத் பக்கம் பல வீடுகளில் அப்பாவுக்குத் தறி, பிள்ளைக்கு ஒரகடம் கம்பெனி. அப்பா திடீர்னு போயிட்டா கணக்குவழக்கு யாருக்கும் தெரியாது. அம்மாவை அலையவிடாம இருக்க, காரியம் முடிஞ்சதுமே இதையெல்லாம் பாருங்க.

1. இறப்புச் சான்றிதழ்
21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. இறந்த இடத்தில்தான் பதிவு. வீட்டில் இறந்தால் வாலாஜாபாத் பேரூராட்சி. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் இறந்தால் அங்கே. பெயர், ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் பேங்க்ல இழுத்தடிப்பாங்க.

2. வாரிசுச் சான்றிதழ்
இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கொடுப்பவர் தாசில்தார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி உயில் இல்லாத அப்பாவின் சொத்தில் அம்மா, பிள்ளைகளோட பாட்டிக்கும் (அப்பாவைப் பெற்றவர்) சம பங்கு. கல்யாணமான அக்காவையும் விட்டுடக் கூடாது. பட்டா மாற்றத்துக்கும் இந்தச் சான்றிதழ் வேணும்.

3. பேங்க்
ஏடிஎம் கார்டு, யுபிஐ-யில் பணம் எடுக்காதீங்க; பிறகு மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் சிக்கல். சான்றிதழோட நாமினி போனால் பணம் கிடைக்கும். ஆனா நாமினி உரிமையாளர் இல்லை, வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்குபவர்தான்.

4. தெரியாத இன்ஷூரன்ஸ்
பாஸ்புக்கில் மே கடைசி, ஜூன் தொடக்கத்தைப் பாருங்க. ₹436 பிடிச்சிருந்தா பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம்: ₹2 லட்சம். ₹20 பிடிச்சிருந்தா சுரக்ஷா திட்டம். விபத்து மரணத்துக்கு ₹2 லட்சம். கணக்கை மூடும் முன்னாடியே கேட்டுடுங்க. நெசவாளர் கூட்டுறவு சங்க உறுப்பினர்னா பங்குத்தொகை, சேமிப்பு நிதியையும் விசாரிங்க. கம்பெனி வேலைன்னா பி.எஃப். பணத்தோட குடும்ப பென்ஷன், இன்ஷூரன்ஸும் உண்டு. இதுக்கெல்லாம் மெசேஜ் வரும் என்பதால் சிம் கார்டை உடனே ரத்து பண்ணாதீங்க.

5. கடன்
'அப்பா வாங்கினதை நீதான் கட்டணும்'னு வாசல்ல நிப்பாங்க. அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுக்குப் பொறுப்பு. நீங்க ஜாமீன் கையெழுத்தோ, கூட்டாகக் கடனோ போட்டிருந்தால் கதை வேற. அதனால பயத்துல எந்தப் புதுப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க.

அப்படியே அம்மாவோட பாஸ்புக்கையும் பாருங்க. நாமினி இடத்தில் இன்னும் அப்பா பேர்தான் இருக்கும். முதல்ல அதை மாத்துங்க.