ஓர் இருக்கைக்கு எத்தனை பேர்?

ஸ்ரீராம்புரத்தில் குடியேறிய தமிழர் பலர் பஞ்சாலைத் தொழிலாளர்கள். 'ஷிப்டு' என்னும் சொல் அவர்களுக்கு ஆலைச் சங்கொலியோடு வந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என அவர்களின் உழைப்புக்கு எல்லை வகுத்தது. தீயணைப்பு நிலையமோ தொழிற்சாலையன்று. அந்த எல்லை அதன் வாசலோடு நின்றுவிட்டது.

1964இல் மைசூர் மாநிலம் தீயணைப்புப் படைக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. ஆனால் நம் நாட்டில் ஆள்பலக் கணக்கு வண்டியிலிருந்தே தொடங்குகிறது: மக்கள்தொகைக்கு இத்தனை வண்டி, வண்டிக்கு இத்தனை பேர். மணி நேரம் பின்னரே வருகிறது. வாரத்தில் 168 மணி நேரமும் வண்டியின் ஓர் இருக்கை காலியாகாதிருக்க, 48 மணி நேர வாரத்தில் மூன்றரைப் பேர் வேண்டும். 24 மணி நேரப் பணி, 24 மணி நேர ஓய்வு என்றால் இருவரே போதும். ஆளுக்கு 84 மணி நேரம்! (விடுப்பும் நோயும் பயிற்சியும் இக்கணக்கில் இல்லை.)

பிரிட்டனில் 1977 நவம்பரில் தொடங்கிய ஒன்பது வார வேலைநிறுத்தத்தின் பயனாக 42 மணி நேர வாரம் வந்தது. அதாவது ஓர் இருக்கைக்கு நால்வர்.

நிலைய அலுவலரின் பணியோ எந்த இருக்கையிலும் அடங்குவதில்லை. 2010 பிப்ரவரியில் பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ் தீ 9 உயிர்களைப் பறித்தபோது, அடைபட்டிருந்த வெளியேறும் வழிகள் பேசுபொருளாயின. அவற்றை முன்கூட்டியே கண்டறிவது கட்டட ஆய்வு. அதற்கான நேரம் வண்டிக் கணக்கில் எங்கும் இடம்பெறுவதில்லை.