பள்ளிக்கூட வாசற்படி



யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டனர். கோவில் கட்டிய கதையையும் மணி வாங்கிய கதையையும் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பிற பக்கங்களில் காண்பீர்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது, ஜூன் மாதத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தொடக்கப்பள்ளி வாசலில் வந்து நிற்கும் தாய் தகப்பனுடைய வரலாறு. பெயர் எழுதுவது, வயது கேட்பது, சோறு போடுவது, சான்றிதழ் கொடுப்பது ஆகிய இவையெல்லாம் சின்ன நடைமுறைகள்தானே என்று எண்ணுகிறோம். ஆனால் எந்த ஏழைப் பிள்ளை உள்ளே வரும், எந்தப் பிள்ளை வெளியே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தச் சின்ன நடைமுறைகளே தீர்மானித்திருக்கின்றன.

காது தொட்ட காலம்

என்னைப் பள்ளியில் சேர்த்தது 1976ல். தலைமையாசிரியர் என் பிறந்த தேதியைக் கேட்டார். என் தகப்பனாருக்குத் தெரியவில்லை. "பெரிய மழை பெய்த வருசமுங்க" என்றார். ஆசிரியர் என் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். விரல் காதைத் தொட்டது. ஐந்து வயது நிறைந்தது என்று முடிவாயிற்று. பதிவேட்டில் ஜூன் மாதத்துத் தேதி ஒன்றை அவரே எழுதிக்கொண்டார். இப்படி ஜூன் மாதத்தில் 'பிறந்தவர்கள்' நம் பங்கில் இன்னும் பலர் உண்டு.

அந்த வழக்கத்தைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றாக வந்தது 1969ல்தான். தாளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அவனுடைய கையே அன்று சான்றிதழாக இருந்தது. நமக்கு இன்னொரு துணையும் இருந்தது. 1563ல் திரிதெந்து பொதுச்சங்கம் பங்குகளில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் வைக்கக் கட்டளையிட்டது. அந்த ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் ஏராளம்.

இன்று நிலைமை வேறு. 2023 அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அதற்குப் பின் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. ஆகவே இளம் பெற்றோரே, திருமுழுக்கு நாள் குறிக்க வருமுன் பிறப்பைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

மணி அடிக்கும் நேரம்

வருகைப் பதிவேடு எங்கிருந்து வந்தது? 1854ஆம் ஆண்டு உட் துரையின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கும் முறையைத் தொடங்கி வைத்தது. உதவி பெறும் பள்ளி, பிள்ளைகள் வந்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். அன்று முதல் பதிவேடு பள்ளியின் உயிர்நாடி ஆயிற்று. 1920ல் வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், கட்டாயக் கல்விக்கு வழி வகுத்தது. குறிப்பிட்ட பகுதிகளில் பிள்ளையை அனுப்பாத பெற்றோர் பதில் சொல்ல வேண்டியவர் ஆனார்.

நேர அட்டவணைகூட ஓர் ஆட்சியை உலுக்கியது உண்டு. 1953ல் இராஜாஜி அவர்கள் முதலமைச்சராயிருந்தபோது, கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பாடம் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே என்றும், மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றும் ஒரு திட்டம் வந்தது. பள்ளிகள் போதாத காலத்தில் இரு மடங்குப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது அரசின் வாதம். 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தனர். கூலிக்காரன் பிள்ளை கூலிக்காரனாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை இல்லை. 1954ல் காமராஜ் அவர்கள் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பெற்றோரைக் கலந்து பேசாமல் வகுத்த நேரம் நிலைக்காது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

உலை வைத்த புண்ணியம்

பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது. 1920ல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956ல் காமராஜ் அவர்கள் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த திட்டம் மாநிலமெங்கும் பரவியது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊர் ஊராக மக்களின் கொடையைத் திரட்டினார். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கரும்பலகையும் தட்டும் ஊரார் கைகளிலிருந்தே வந்தன. பெற்றோர், பள்ளிக்கு உரிமை கொண்டாடக் கற்றது அப்போதுதான்.

1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். அவர்களின் சத்துணவுத் திட்டம் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. அது முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமே. என் தங்கை தட்டோடு போவாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். 1984ல் 15 வயது வரை விரிவாக்கினார்கள். அன்று முதல் நானும் வரிசையில் நின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

2022 செப்டம்பர் 15ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2024 ஜூலை 15ல் அது கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அந்தத் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் பெயரைத் தாங்கிய பள்ளியில் நடந்தது. விடியுமுன் ஜீப் ஏறும் நம் தாய்மாருக்கு இதன் அருமை தெரியும்.

மலை தாண்டும் பிள்ளைகள்

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு வண்டியில் போயின. பெட்டிக்கு வழி இருந்தது. பெட்டி காணாமற்போனால் தேடுவதற்கு ஆளும் இருந்தது. ஆனால் ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறிய குடும்பத்தின் பிள்ளை, இரண்டு பள்ளிகளுக்கு நடுவே காணாமற்போனால் தேடுவார் யார்?

பள்ளி திறப்பது ஜூனில். ஏலக்காய் எடுப்பு, மழையோடு தொடங்கித் தை வரை நீளும். பெற்றோர் தோட்டத்து லயத்தில் தங்கினால் பிள்ளையும் போகும். இங்கே வருகை முறியும். அங்கே பெயர் இராது. 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25க்கு மேல் இருந்தால், கல்வி வசதி செய்ய முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் சிறு தோட்டங்களுக்கு அது எட்டவில்லை.

இங்கே ஒரு பாவ அறிக்கை செய்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் இடத்தில் நான் பள்ளித் தாளாளராக இருந்தேன். ஐப்பசி மழையில் நனைந்தபடி ஒரு தாய், எட்டு வயது மகளோடு வந்தாள். மாற்றுச் சான்றிதழ் இல்லை. "வாங்கிக்கொண்டு வாருங்கள், அம்மா, உடனே சேர்த்துக்கொள்வோம்" என்றேன். "சாமி, மலைக்குப் போக ஒரு நாள், வாங்கிட்டு வர ஒரு நாள். ரெண்டு நாள் கூலி போயிருமே" என்றாள். விதி அதுதான் என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. திரும்பியும் வரவில்லை. அடுத்த ஆண்டு அந்தச் சிறுமியை, கூலிக்குப் போகும் ஜீப்பின் பின்பக்கத்தில், தூக்குவாளியோடு பார்த்தேன். நான் விதியை மீறவில்லை. ஆனால் பிள்ளையை இழந்தேன்.

2010 ஏப்ரல் 1ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், என் போன்றோரைத் திருத்தவே வந்ததோ என்று தோன்றும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. பிள்ளையை அடிக்கக் கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், மாற்றுச் சான்றிதழ் கட்டண பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று தெளிவாகச் சொன்னது.

சிறுபான்மையினர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ல் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அத்தீர்ப்பில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று அனுப்பியது. வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும். நம் பள்ளிகளுக்கு இறைவன் தந்த உரிமை, ஏழையைத் திருப்பி அனுப்பும் உரிமையா? சட்டம் நம்மைக் கட்டவில்லை என்றால், மனச்சான்று இன்னும் இறுக்கமாகக் கட்ட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று, 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796ஆம் சட்டம் ஒரு படி மேலே போய், ஆசிரியர்கள் பெற்றோர் சொல்வதை விருப்பத்தோடு கேட்க வேண்டும், பெற்றோர் சங்கங்களையும் கூட்டங்களையும் அமைத்து மதிக்க வேண்டும் என்கிறது. பெற்றோர் கூட்டம் என்பது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் சடங்கு அல்ல.

ஆகவே பெற்றோரே, மலைக்குப் போகுமுன் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. கூடுமானால் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுப் போங்கள். ஆசிரியப் பெருமக்களே, ஒரு வாரம் வராத பிள்ளையின் பெயரை அடிக்குமுன் அந்த வீட்டு வாசலுக்கு ஒரு நடை போங்கள். கூட்டத்தை மாலையில், ஜீப்புகள் இறங்கிய பிறகு வையுங்கள். அன்பியப் பொறுப்பாளர்களே, உங்கள் தெருவில் பள்ளி போகாத பிள்ளை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையை அழைத்து வாருங்கள். தாளை நாம் பிறகு தேடுவோம்.

யூபிலி என்பது பழைய ஏற்பாட்டில் கடன் நீங்கும் ஆண்டு, இழந்ததைத் திரும்பப் பெறும் ஆண்டு. அந்தச் சிறுமிக்கு நான் பட்ட கடனை இனித் தீர்க்க முடியாது. அவளைப் போன்ற இன்னொருத்தி இந்த ஜூனில் நம் வாசற்படியில் வந்து நிற்பாள். அவளை உள்ளே அழைப்போம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

இறையேசுவில் அன்புள்ள,
உங்கள் பங்குத்தந்தை