மூர்கிராஃப்ட் மட்பாண்ட நிறுவனம்

மூர்கிராஃப்ட் என்பது இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் உள்ள கலை மட்பாண்ட நிறுவனம் ஆகும். இது வில்லியம் மூர்கிராஃப்ட் (1872–1945) என்பவரால் 1913 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. புடைத்த கோடுகளால் வரையப்பட்ட மலர், கனி, மர உருவங்களைக் கொண்ட பூச்சாடிகளுக்கு இந்நிறுவனம் பெயர் பெற்றது. 2025 ஏப்ரலில் மூடப்பட்ட இந்நிறுவனத்தை அதே ஆண்டில் நிறுவனரின் பேரன் விலைக்கு வாங்கினார்.

தோற்றம்

ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஆறு சிறு நகரங்கள் இணைந்து உருவானது. களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்ததால் 18 ஆம் நூற்றாண்டிலிருந்தே பிரித்தானிய மட்பாண்டத் தொழில் இங்கு குவிந்தது. அந்த ஆறில் ஒன்றான பர்ஸ்லெமில் பிறந்த வில்லியம், 1897 ஆம் ஆண்டு அங்கிருந்த ஜேம்ஸ் மெக்கின்டயர் நிறுவனத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதல் அவர் உருவாக்கிய 'ஃபுளோரியன்' வகைப் பாண்டங்கள் விரைவில் புகழ் பெற்றன. 1904 ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப்பதக்கமும் கிடைத்தது. தொழிற்சாலையின் பெயர் மட்டுமே பொறிக்கப்படும் வழக்கம் இருந்த அக்காலத்தில், பாண்டங்களின் அடியில் வில்லியம் தம் கையொப்பத்தையும் இட்டு வந்தார்.

ஆனால் மெக்கின்டயர் நிறுவனத்துக்கு அதைவிட ஆதாயமான தொழில் வேறொன்று வாய்த்தது. மின்சாரம் பரவி வந்த காலம் அது. மின் சாதனங்களுக்கான பீங்கான் பாகங்களுக்குப் பெரும் தேவை ஏற்பட்டது (பழைய வீடுகளின் மின்பலகைகளில் இன்றும் காணப்படும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் இவ்வகையைச் சேர்ந்ததே). 1913 ஆம் ஆண்டு அந்நிறுவனம் தன் கலைப் பிரிவை மூடியது. லண்டனின் லிபர்ட்டி அங்காடி அளித்த நிதியுதவியுடன் வில்லியம் கோப்ரிட்ஜ் பகுதியில் சொந்தத் தொழிற்சாலையைக் கட்டினார். அவருடன் பணியாற்றிய கைவினைஞர்களும் அங்கு இடம்பெயர்ந்தனர். ஆலையைவிட இக்கைகளே அவருக்கு முதன்மையான முதலீடு எனலாம்.

செய்முறை

வடிவமைப்பு முதலில் பாண்டத்தின் ஈரப் பரப்பில் மையால் படியெடுக்கப்படும். இந்த மை சூளையில் எரிந்து மறைந்துவிடும். பின்னர் நீர்த்த களிமண் கூழை ஒரு சிறு பையில் நிரப்பி, நுண்குழாய் வழியே பிதுக்கி அக்கோடுகளின் மேல் இழுப்பர். மருதாணிக் கூம்பால் கையில் கோலமிடுவதற்கு இது மிகவும் ஒத்தது. புடைத்த இக்கோடுகள் வரப்புகள் போல நின்று நிறங்கள் ஒன்றோடொன்று கலவாமல் தடுக்கின்றன. நிறங்கள் உலோக ஆக்சைடுகளால் ஆனவை. தீட்டும்போது மங்கலாகத் தெரியும் நிறம், முதற்சூட்டுக்குப் பின் மெருகு பூசப்பட்டு மீண்டும் சுடப்படும்போதுதான் முழுமையாக வெளிப்படும். ஆகவே தீட்டுபவர் தம் கண்முன் தெரியும் நிறத்தை அல்ல, வரப்போகும் நிறத்தை மனத்தில் கொண்டே பணிபுரிய வேண்டும். இத்திறன் கைவரச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

இரண்டு சூடுகளும் இச்செய்முறைக்கு இன்றியமையாதவை என்பதை இங்கு கவனிக்க வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த ஒன்றைக் கைவிட இயலாது.

பிற்கால வரலாறு

1928 ஆம் ஆண்டு அரசி மேரி இந்நிறுவனத்துக்கு அரச அங்கீகாரம் வழங்கினார். 1945 இல் வில்லியம் மறைந்தபின் அவருடைய மகன் வால்டர் பொறுப்பேற்றார். 1984 ஆம் ஆண்டு பெரும்பான்மைப் பங்குகள் குடும்பத்தின் கையை விட்டுச் சென்றன. புதிய உரிமையாளர்கள் பேரளவு உற்பத்திக்கு முயன்றனர். கையால் கோடிழுக்கும் தொழிலுக்கு அது பொருந்தவில்லை. 1986 இல் நிறுவனம் மீண்டும் கைமாறியது. அப்போது வந்த சாலி டஃபின், 1993 இல் சேர்ந்த ரேச்சல் பிஷப் ஆகியோரின் வடிவமைப்புகள் சேகரிப்பாளர்களிடம் புதிய ஆர்வத்தை உண்டாக்கின.

மூடலும் மீட்பும்

2022 ஆம் ஆண்டிலிருந்து ஐரோப்பாவில் எரிவாயு விலை கடுமையாக உயர்ந்தது. பிரித்தானிய அரசின் தொழில்துறை உதவித் திட்டம் மின்கட்டணத்தைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. மட்பாண்டச் சூளைகளோ பெரும்பாலும் எரிவாயுவில் இயங்குபவை. 2025 பெப்ரவரியில் பர்ஸ்லெமின் ராயல் ஸ்டாஃபோர்ட் நிறுவனம் மூடப்பட்டது. ஏப்ரல் இறுதியில் மூர்கிராஃப்டும் மூடப்பட, 57 பேர் வேலை இழந்தனர். கலைப் பிரிவுக்கு 1913 இல் நேர்ந்ததைப் போன்றே, இம்முறையும் சரக்கின் தரத்தில் குறை எதுவும் இருக்கவில்லை.

சில வாரங்களில் வில்லியமின் பேரன் வில் மூர்கிராஃப்ட் நிறுவனத்தை வாங்கி, பழைய பணியாளர்களுள் ஒரு பகுதியினருடன் அதே இடத்தில் உற்பத்தியைத் தொடங்கினார். அத்தொழிற்சாலை வளாகத்தில் நிலக்கரியால் இயங்கிய பழைய புட்டி வடிவச் சூளை ஒன்று பாதுகாக்கப்பட்டுள்ளது. 1956 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் இத்தகைய சூளைகள் வழக்கொழிந்தன. ஒரு காலத்தில் நகரில் ஏறத்தாழ 2,000 இருந்தன. எஞ்சியவை 50க்கும் குறைவு.