‘வரை’ என்றொரு வார்த்தை

ஜவுளிக்கடை வாசலில் ‘50% வரை தள்ளுபடி’ என்று பேனர் கட்டியிருப்பார்கள். அதில் ‘50%’ ஆள் உயரத்துக்கு இருக்கும். ‘வரை’ மட்டும் எறும்பு சைஸில். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் எஸ்.எஸ்.டி.யின் சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயத்தை அந்த எறும்பை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம்தான். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசூகாவின் குழு, 1987-ல் நாண்ட் ஃபிளாஷ் என்ற சிப்பை உலகுக்குக் காட்டியது. கரண்ட் போனாலும் எழுதியது அழியாது. அந்த சிப்களை ஒரு பலகையில் பதித்து, வேலை வாங்க கன்ட்ரோலர் என்று ஒரு மேஸ்திரியையும் போட்டால் எஸ்.எஸ்.டி. ரெடி.

மேஸ்திரி யார், சிப் எந்த ரகம்? டிரைவின் தரம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் இரண்டுமே சாதாரணமாக இருக்காது.

கிங்ஸ்டனின் வி300 கதைக்கு வருவோம். 2013-ல் பலர் வாங்கிய மலிவு விலை டிரைவ். நொடிக்கு 450 எம்.பி. வரை என்றார்கள். ஆரம்பத்தில் விமர்சகர்கள் பார்த்தபோது உள்ளே இருந்தது தோஷிபாவின் டாகிள் ரக சிப். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு தடவை தகவலைக் கடத்தும் சுறுசுறுப்பான ரகம். பாராட்டி எழுதினார்கள். ஜனங்கள் நம்பி வாங்கினார்கள்.

கொஞ்ச நாளில் முணுமுணுப்பு. ‘என் வி300 மட்டும் ஏன் சார் நொண்டுது?’

பிரித்துப் பார்த்தால், உள்ளே மைக்ரான் சிப்! துடிப்புக்கு ஒரே ஒரு தடவை கடத்தும் பழைய பாணி. பெண் பார்க்க வந்தது ஒரு மாப்பிள்ளை, தாலி கட்ட வந்தது இன்னொருவர். பெயர் மட்டும் அதே பெயர். ஃபர்ம்வேர் எண் 505 என்று ஆரம்பித்தால் அதிர்ஷ்டம், 506 என்றால் தலையெழுத்து என்று வாங்கியவர்களே அடையாளம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். 2014 ஏப்ரலில் ஆனந்த்டெக் என்ற இணைய இதழ் (2024-ல் மூடிவிட்டார்கள், பாவம்) இதை விலாவாரியாக எழுதியது.

கிங்ஸ்டன் சொந்தமாக ஃபிளாஷ் சிப் செய்வதில்லை. சந்தையில் கிடைப்பதைத்தான் வாங்கியாக வேண்டும். அது நியாயம். ஆனால், சிப்பை மாற்றியவர்கள் பெயரில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்திருக்கக் கூடாதா?

அப்படியானால் அந்த 450 பொய்யா? இல்லை என்பதுதான் வேடிக்கை! வி300-க்கு மேஸ்திரி, சாண்ட்ஃபோர்ஸ் கம்பெனியின் கன்ட்ரோலர். எதையும் அமுக்கிச் சுருக்கி எழுதுகிற கில்லாடி. வெறும் பூஜ்யங்களாகக் கொடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே எழுதாமல் ‘முடிச்சாச்சு’ என்று வந்து நிற்பார். சுலபமாகச் சுருங்கும் தகவலைக் கொடுத்துச் சோதித்தால் 450 தாராளமாக வரும். கல்யாண வீடியோவும் போட்டோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அங்கே மேஸ்திரியின் பருப்பு வேகாது. சிப்பின் நிஜ முகம் வெளியே தெரிந்துவிடும். விவரமானவர்கள் சுருங்காத தகவலைக் கொட்டி, டிரைவ் ஏறக்குறைய நிரம்பும்வரை எழுதிப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

இத்தோடு விட்டதா? 2021 ஆகஸ்ட்டில் இன்னொரு கூத்து. வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்.என்.550 டிரைவில் சத்தமில்லாமல் சிப் மாறியிருந்தது. இதில் தந்திரம் வேறு மாதிரி. டிரைவின் ஒரு சின்னப் பகுதி அவசர எழுத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். முதலில் வருவதெல்லாம் அங்கே சரசரவென்று இறங்கும். அது நிரம்பிய பிறகுதான் நிஜ வேகம். பழைய எஸ்.என்.550-ல் அந்த நிஜ வேகம் நொடிக்குச் சுமார் 610 எம்.பி. புதியதில் சுமார் 390!

விஷயம் வெளியே வந்ததும் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஜூன் மாதமே மாற்றிவிட்டோம், இனிமேல் அறிவிக்கப்பட்ட அளவுகள் பாதிக்கப்படுகிற மாதிரி எதையாவது மாற்றினால் புது மாடல் எண் கொடுப்போம் என்று வாக்குக் கொடுத்தது.

‘அறிவிக்கப்பட்ட அளவுகள்.’ இன்னொரு தரம் படியுங்கள்.

எஸ்.என்.550-க்கு அவர்கள் அறிவித்திருந்தது, படிக்கும் வேகம் 2,400 எம்.பி. வரை. சிப் மாறிய பிறகும் அந்த 2,400-க்கு ஒரு குறையும் இல்லை.