துப்பாக்கி இறங்கிய படகு

சிறுசேரி மென்பொருள் பூங்காவிலிருந்து ‘ஆன்சைட்’ என்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கம் போகிற பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் போட்டோக்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் பனி. அப்புறம் ஒரு பழைய கோட்டை. மே, ஜூன் வந்துவிட்டால் ஒரு பறவை! உடம்பைப் பார்த்தால் பென்குவினுக்குத் தம்பி மாதிரி இருக்கும். முகத்தில் கிளிக்கு மாட்டிவிட்ட மாதிரி ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று வண்ண வண்ண அலகு. அதன் குறுக்கே வரிசையாகத் தொங்கும் ஏழெட்டு மீன்கள். “சின்னப் படகில் போய்ப் பார்த்தோம்மா... இத்தனை கிட்டே!” என்று பையன் போனில் சொல்வான்.

அதன் பெயர் பஃபின். நம் புறாவைவிடக் கொஞ்சம் குண்டு. வருஷத்தில் பாதிக்குமேல் நடுக்கடலிலேயே கழிக்கும். ஏப்ரல் வாக்கில் கரையோரத் தீவுகளுக்கு வந்து, மண்ணில் எலி வளை மாதிரித் தோண்டி, ஒரே ஒரு முட்டை இட்டுக் குஞ்சு பொரிக்கும். ஆகஸ்டில் கிளம்பிவிடும். அந்த அலகு அலங்காரமெல்லாம் கல்யாண சீசனுக்கு மட்டும்தான். சீசன் முடிந்ததும் வண்ணத் தகடுகள் உதிர்ந்துவிடும். ஆக, அதைப் பார்க்க மூன்று நான்கு மாசம்தான் கெடு. அதற்குள் படகு பிடிக்க வேண்டும். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பிரிட்லிங்டன், சீஹவுஸஸ் போன்ற சின்னத் துறைமுகங்களுக்கு இந்தப் படகுகளால் நல்ல பிழைப்பு.

இந்த சாதுவான படகுச் சவாரிக்கு ஒரு பூர்வ ஜென்மம் உண்டு. அது அவ்வளவு சாது இல்லை.

பிரிட்லிங்டனுக்கு 1846-ல் ரயில் வந்தது. பக்கத்திலேயே பெம்ப்டன், ஃப்ளாம்பரோ என்ற ஊர்களில் கடலை ஒட்டிச் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள். அவற்றின் விளிம்பெல்லாம் லட்சக்கணக்கில் கடல் பறவைகள். ரயிலேறி வந்த பெரிய மனிதர்கள் படகை வாடகைக்கு அமர்த்தி, பாறைக்கு அடியில் நிறுத்தச் சொல்லி, சுட ஆரம்பித்தார்கள். சாப்பிடுவதற்காக என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். சும்மா, பொழுது போகாமல்! கூடு கட்டும் காலத்தில் பறவை பாறையை விட்டு நகராது. குறி தப்பவே தப்பாது. தாய் விழுந்தால் மேலே கூட்டில் குஞ்சு பட்டினியில் சாகும். அதைப் பற்றிப் படகில் இருந்தவர்களுக்கு என்ன கவலை?

பொழுதுபோக்கோடு வியாபாரமும் சேர்ந்துகொண்டது. லண்டன் சீமாட்டிகளின் தொப்பியில் வெள்ளை இறக்கை செருகிக்கொள்வது அப்போது ஃபேஷன். கிட்டிவேக் என்ற சின்னக் கடற்பறவையின் இறக்கைக்கு ஏக கிராக்கி. இறக்கையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் வீசினார்கள்.

இதைப் பார்த்துப் பதறியவர்களில் முக்கியமானவர் ஆல்ஃபிரட் நியூட்டன், கேம்பிரிட்ஜ் பேராசிரியர். அவர் பதறியதற்கு ஒரு காரணம் இருந்தது. பஃபினுக்கு ஒரு பெரியண்ணன் இருந்தது. கிரேட் ஆக் என்று பெயர். முக்கால் மீட்டர் உயரம், பறக்கத் தெரியாது. இறைச்சிக்கும் இறகுக்கும் கொழுப்புக்குமாக நூற்றாண்டுக் கணக்கில் அடித்துத் தீர்த்து, கடைசியில் மிஞ்சியதை மியூசியம்காரர்களும் சேகரிப்பாளர்களும் விலை வைத்துத் தேடினார்கள். 1844 ஜூன் மாதம், ஐஸ்லாந்துக்குத் தெற்கே எல்டே என்ற பாறைத் தீவுக்கு ஒரு துடுப்புப் படகு போனது. மூன்று பேர் பாறையில் ஏறினார்கள். அங்கே இருந்த ஒரு ஜோடியைப் பிடித்துக் கழுத்தை நெரித்தார்கள். ஒரு முட்டை இருந்தது, அதுவும் உடைந்தது. நம்பகமான சாட்சியங்களின்படி உலகின் கடைசி இணை அதுதான்.

இது தெரியாமல், 1858-ல் நியூட்டனும் அவர் நண்பர் ஜான் வுல்லியும் கிரேட் ஆக்கைப் பார்த்தே தீருவது என்று ஐஸ்லாந்து போனார்கள். எல்டேவுக்குப் படகு விட முடியாதபடி கடல் கொந்தளிப்பு. ஏறக்குறைய ரெண்டு மாசம் கரையிலேயே காத்துக் கிடந்தார்கள். சும்மா இருக்கவில்லை, 1844 படகில் போனவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து எழுதிக்கொண்டார்கள். ஒரு உயிரினத்தையே மனிதனால் துடைத்தெடுத்துவிட முடியும் என்பதை நியூட்டன் அந்தக் கரையில் வைத்துத்தான் தெரிந்துகொண்டார். பத்து வருஷம் கழித்து, 1868-ல் நார்விச் நகரில் நடந்த விஞ்ஞானிகள் மாநாட்டில் கடற்பறவைகளுக்காக வாதாடினார். பிரிட்லிங்டன் பாதிரியார் ஒருவர் சங்கம் சேர்த்தார். அந்தப் பகுதி எம்.பி. கிறிஸ்டஃபர் சைக்ஸ் மசோதா கொண்டுவந்தார். 1869-ல் கடற்பறவைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை சுடக் கூடாது. மீறினால் பறவைக்கு ஒரு பவுண்டு வரை அபராதம். பட்டியலில் பஃபின் பெயரும் இருந்தது.

பார்லிமென்டில் எடுபட்டது கருணை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பனிமூட்டத்தில் பாறை இருக்குமிடம் தெரியாமல் வரும் கப்பலுக்கு இந்தப் பறவைகளின் கூச்சல்தான் எச்சரிக்கை மணி. மீன் கூட்டம் எங்கே என்று மீனவனுக்குக் காட்டுவதும் அவைதான். அதாவது, பறவையால் காசு மிச்சம்! எந்த ஊர் சட்டசபையிலும் இந்த மாதிரி வாதத்துக்குத் தனி மரியாதை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மெட்ராஸ் வெள்ளைக்காரர்களுக்குச் செங்கல்பட்டு ஜில்லாவின் வயல்களும் ஏரிகளும் வேட்டைக் காடு. குறிப்பாக உள்ளான். சேற்றிலிருந்து குபீரென்று கிளம்பிக் கோணல்மாணலாகப் பறக்கும் குருவி அது. அதைச் சுட்டு வீழ்த்துவதற்குத் தனித் திறமை வேண்டும். உள்ளானுக்கு இங்கிலீஷில் ‘ஸ்னைப்’. அதை மறைந்திருந்து குறி தவறாமல் சுடுகிறவன் ‘ஸ்னைப்பர்’. 18-ம் நூற்றாண்டு இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்களின் பேச்சில் பிறந்த சொல் இது. இன்றைக்கு ராணுவச் செய்திகளில் அடிபடும் அந்த வார்த்தைக்கு மூலம் நம் நெல் வயல் சேறு!

சிறுசேரியிலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் வேடந்தாங்கல். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கேயும் வந்து சுட்டார்கள். கிராமத்து ஜனங்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேரே கலெக்டரிடம் போய்விட்டார்கள். லயனல் ப்ளேஸ் என்று பெயர். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைக் கண்ணால் பார்த்ததாக ‘ஏரி காத்த ராமர்’ கோயில் கதை சொல்கிறதே, அதே கலெக்டர்தான். ராமரைப் பார்த்தாரோ இல்லையோ, வேடந்தாங்கல் குடியானவர்களைப் பார்த்தார். 1798-ல் ‘கௌல்’ எழுதிக் கொடுத்தார். கௌல் என்றால் அரசாங்கம் தரும் உறுதிப் பத்திரம். ஏரியில் யாரும் பறவையைச் சுடக் கூடாது, பிடிக்கக் கூடாது. 1858-ல் அந்த உரிமையைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் பார்லிமென்ட் தன் ஊர்ப் பறவைகளுக்குச் சட்டம் போட்டது 1869-ல். எழுத்து வாசனை அதிகம் இல்லாத ஒரு கிராமம், அதே பிரிட்டிஷ் அதிகாரியிடமிருந்து எழுதி வாங்கியது அதற்கு 71 வருஷம் முன்பு.

இங்கேயும் வெறும் கருணை இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம் என்று அந்த ஜனங்களுக்குத் தெரியும். நியூட்டன் காலத்து எம்.பி.க்கள் போட்ட கணக்குதான். ஆனால் இங்கே கணக்குப் போட்டவர்கள் ஏரிக்கரையிலேயே குடியிருந்தவர்கள். அதனால்தான் 1936-ல் வேடந்தாங்கலைச் சரணாலயம் என்று சர்க்கார் அங்கீகரித்தபோது, சர்க்காருக்கு அதிக வேலை மிச்சமிருக்கவில்லை. 2020-ல் சரணாலயத்தைச் சுற்றிய பாதுகாப்பு எல்லையைக் குறைக்க ஒரு யோசனை கிளம்பியபோது கடுமையான எதிர்ப்பு எழுந்தது. 2022-ல் வேடந்தாங்கல் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கிராமம் முந்திக்கொண்டது. நிபுணர்கள்தான் மெதுவாக வந்தார்கள். காங்கிரஸ் மகாசபைக்கு வித்திட்ட ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் இந்தியப் பறவை ஆராய்ச்சியின் பிதாமகர்களில் ஒருவர். அவர் 1885-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தது சுமார் 80 ஆயிரம் பறவைத் தோல்களும் முட்டைகளும். தோல் எப்படிக் கிடைக்கும்? சுட்டால்தான் கிடைக்கும். அந்தக் காலத்தில் அதுதான் விஞ்ஞானம். சாலிம் அலி பறவை உலகத்துக்குள் நுழைந்ததே, சிறுவனாக ஏர்கன்னால் சுட்ட ஒரு மஞ்சள் கழுத்துச் சிட்டு என்ன ஜாதி என்று கேட்கப் போனதால்தான். நம் பக்கத்தில், நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன், காமிராவும் பேனாவுமாக 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கைப் பத்தி எழுதினார். தமிழ் வாசகர்கள் அவரை இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம்.

வேடந்தாங்கலில் படகு கிடையாது. கரையில் நடந்தும் கோபுரத்தில் ஏறியும் பார்ப்பதோடு சரி. படகில் போய்ப் பறவை பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்காரர்களுக்கு நினைவு வருவது வடக்கே பழவேற்காடு. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். உப்பங்கழியில் பூநாரைக் கூட்டம் இறங்கினால் தூரத்துத் தண்ணீர் ரோஸ் கலரில் தெரியும். மீனவர்களின் படகைப் பேசி, ஏறி உட்கார்ந்து போய்விடுவது அங்கே வெகுகால வழக்கம். 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று அப்படிச் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விழுந்தது.

தடை போட்டது சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. மீன் பிடிக்கிற படகு வேறு, ஆள் ஏற்றுகிற படகு வேறு. உயிர் காக்கும் மேலுறை, ஆள் கணக்கு, பயிற்சி பெற்ற ஓட்டுநர் என்று ஒழுங்கு செய்து அதே மீனவர்கள் கையில் ஒப்படைத்திருந்தால், பூநாரை உயிரோடு இருப்பதில் அவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டாகியிருக்கும். வேடந்தாங்கல் குடியானவருக்கு இருந்த மாதிரி.

இன்னொரு பிரச்னை நெருக்கம். “இத்தனை கிட்டே” என்கிறோமே, எத்தனை கிட்டே? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஈஸ்டர்ன் எக் ராக் என்று ஒரு குட்டித் தீவு. அங்கிருந்த பஃபின்களை 1880-களோடு வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். ஸ்டீஃபன் க்ரெஸ் என்பவர் 1973-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, செயற்கை வளையில் வைத்து, தினம் மீன் போட்டு வளர்த்தார். குஞ்சுகள் கடலுக்குப் போய்விட்டன. திரும்பி வருமா? பாறை மேல் மரத்தில் செய்த பொம்மை பஃபின்களை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். ஊரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தானே குடித்தனம் வர தைரியம் வரும்! 1981-ல் மறுபடி அங்கே கூடு கட்டின. இன்றைக்கு அந்தத் தீவுக்குச் சுற்றுலாப் படகுகள் போகின்றன; தீவைச் சுற்றி வருவதோடு சரி, பயணிகள் யாரும் இறங்குவதில்லை.

நம் சிறுசேரிக்குக் கிழக்கே இருக்கிற தண்ணீருக்கு அந்த மரியாதை எப்போது வரும்? பழைய மகாபலிபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே ஓடும் பக்கிங்காம் கால்வாய், உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போய்வந்த தண்ணீர்ச் சாலை. மாமல்லபுரத்துக்கே அதில் படகேறிப் போனார்கள். பாரதிதாசன் அப்படிப் போன பயணத்தைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். கால்வாய் முட்டுக்காட்டில் கோவளம் கழியோடு கலக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை அங்கேதான். துடுப்புப் படகு, மோட்டார் படகு, விசைப்படகு எல்லாம் உண்டு. மிதக்கும் உணவகமும் வந்திருக்கிறது. விசைப்படகு ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கழியில் உட்கார்ந்திருந்த அத்தனை பறவையும் எழுந்து போய்விடும். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த உடம்புக்கு அந்தத் திடீர் ஓட்டம் லேசான செலவு இல்லை.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். விடிகாலை, ஆட்கள் வருமுன். லடாக் ஏரிகளிலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டு வரும் கடற்புறாக்கள் இருக்கும். ஆலாக்கள் தண்ணீரில் தலைகுப்புற விழுந்து மீன் எடுக்கும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும். படகுதான் வேண்டும் என்றால் துடுப்புப் படகாகக் கேளுங்கள். படகே வேண்டாம் என்றால், சாலைப் பாலத்தின் ஓரத்தில் நின்று பைனாகுலரில் பார்க்கலாம், டிக்கெட் கிடையாது. கிளம்புமுன் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் அடைத்திருக்கிறதா என்று யாராவது உள்ளூர் மீனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருந்தால்தான் தண்ணீர் இறங்கும்போது சேற்று மேடு தலைகாட்டும். பறவை இறங்குவது அந்தச் சேற்றில்தான்.