ஏடும் கடகமும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கொண்டுவரும் இளைஞர் பலர் நம்மிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, நடை அழகாயிருக்கிறதா?" என்பதே அது. செய்தி பிழையற்றதா, கருத்து விளங்குகிறதா என்று கேட்போர் மிகச் சிலரே. அழகு என்று எதனைக் கருதுகிறீர்கள் என நாம் திருப்பிக் கேட்டால், அடுக்குமொழி, உவமை, எதுகை, மோனை என்று விடை வரும். கலியாணப் பந்தலிலே காகிதப்பூத் தொங்கவிடுவது போல, எழுதிமுடித்த கட்டுரையிலே பின்னர் கொண்டுவந்து கட்டும் பொருளே அழகு என்பது அவர்கள் எண்ணம். பெரியோர்கள் இதைக் கேட்டு நகைக்கவேண்டியதில்லை. நாமும் அந்த வயதில் அப்படித்தான் எழுதினோம். அவற்றுட் சில இன்னும் நம் பெட்டியிற் கிடக்கின்றன, எடுத்துப் பார்க்கத் துணிவில்லை.

ஆயினும் நம் முன்னோர் அழகு என்னும் சொல்லை இவ்வாறுதான் வழங்கினரா என்பது ஆராயத்தக்கது.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் அழகை வனப்பு எனப் பெயரிட்டு எட்டாக வகுக்கின்றது. அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்பன அவை. 'அழகு' என்பது இங்கே எட்டினுள் ஒன்று மாத்திரமே என்பதை வாலிப அன்பர்கள் கவனிக்கவேண்டும். செய்யுட்குரிய சொற்களாற் சீர்பெறப் புனைவது அது. சிலவாகிய மெல்லிய சொற்களாற் சிலவடிகளில் அடங்கி நிற்பது அம்மை, அதுவும் வனப்பே. ஊரார் பேசும் மொழியிலே, கேட்டவர் ஆராயவேண்டாது குறித்த பொருள் தோன்றுமாறு சொல்வது புலன், அதுவும் வனப்பே. அலங்காரத்துக்கு எட்டில் ஓரிடம் கொடுத்த இலக்கணம், சந்தைப் பேச்சுக்கும் தெருப் பேச்சுக்கும் அதே வரிசையில் ஓரிடம் கொடுத்திருக்கின்றது. கடைசியாகிய இழைபு என்னும் பெயரைக் கேட்கும் யாழ்ப்பாணத்துக் காதுக்கோ பெண்கள் பெட்டி இழைப்பதுதான் நினைவுக்கு வரும். இலக்கணம் கருதியது பெட்டியை அன்று, ஓசையை. எனினும் அந்நினைவை நாம் தள்ளிவிடப் போவதில்லை. பின்னர் அதனிடம் திரும்புவோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரத்திலும் அழகுக்கு ஒரு கணக்குண்டு. நூலுக்கு அழகு பத்து என்கிறார். அவற்றை எண்ணிப் பார்த்தால், ஓசையும் இனிமையும் நல்ல சொற்சேர்க்கையும் பற்றியவை ஒருசிலவே. ஏனையவை சுருக்கம், விளக்கம், ஆழம், முறையாக வைத்தல், உலக வழக்கோடு மாறுபடாமை, பயனுடைமை, தெளிந்த உதாரணம் என்பன. இக்காலத்தில் இவற்றைக் கட்டுரையின் ஒழுங்கு என்போமேயன்றி அழகு என்று சொல்லமாட்டோம். பவணந்தியார்க்கு ஒழுங்கும் அழகும் வெவ்வேறல்ல.

இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? இலக்கணிகள் இருந்து ஆலோசித்துக் கண்டது எனலாம். எழுதிய பொருளையும் சிறிது பார்த்தால் வேறொரு காரணமும் தோன்றும். அக்காலத்தில் நூல் என்பது பனையோலை. இளம் ஓலையை வெட்டி, ஈர்க்கு நீக்கி, நீரிலே அவித்து, நிழலில் உலர்த்தி, அழுத்தித் தேய்த்து வழுவழுப்பாக்கி, ஓர் அளவாக நறுக்கித் துளையிட்டு, அதன் பின்பே எழுத்தாணி பிடிக்கவேண்டும். மையினால் எழுதுவதன்று அது, கீறுவது. அழுத்தினால் ஓலை கிழியும், அழுத்தாவிட்டால் எழுத்துத் தெரியாது. கீறியபின் கரியோ இலைச்சாறோ பூசித் துடைத்தால்தான் வரி கண்ணுக்குப் புலப்படும். ஒரு புராணத்தைப் படியெடுப்பவனுக்கு மாதக்கணக்காகும். அப்படிப்பட்டவன் வீண்சொல்லை விரும்புவானா? கூறியது கூறலையும் மிகைபடக் கூறலையும் குற்றமென்று இலக்கணம் வகுத்தபோது, ஏடெழுதுவோரின் விரல்களும் அதற்கு உடன்பட்டிருக்கும் என்றே நாம் நினைக்கிறோம்.

ஏட்டுக்கு ஒரு குறையும் இருந்தது. அதை மறைப்பது வரலாறாகாது. ஏடெழுதினோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அவற்றை வேறுபடுத்திக் காட்டினார். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருந்தன. சொற்களுக்கிடையே வெளியில்லை, செய்யுளும் உரையும் ஒரே நீரோட்டமாய் ஓடும். ஆகவே ஏற்கெனவே தெரிந்தவனே ஏட்டை வாசிக்க முடியும். தெரியாதவனுக்கு அது கீறல் விழுந்த ஓலை. ஆசிரியன் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்த வரையில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. ஆசிரியப் பரம்பரை அற்ற இடங்களில் ஏடும் கூடவே அழிந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832-1901) தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்ற ஏடு தேடியலைந்தபோது, கட்டவிழ்க்கும்போதே ஓரம் உதிர்ந்து ஓலை முரிந்த கதையைத் தம் பதிப்புரையிலே நெஞ்சுருகச் சொல்லியிருக்கிறார். செல்லும் கறையானும் செய்தது அது. மனிதர் செய்ததும் உண்டு. 1981 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. அச்சிட்ட நூலுக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி கிடைக்கலாம். படியெடுக்கப்படாத சுவடிக்கு அதுவும் இல்லை.

இனி, ஏட்டிலிருந்து அச்சுக்கு வருவோம். இங்கேதான் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் அச்சியந்திரத்தை முதலில் நன்கு பயன்படுத்தியோர் மிஷனரிமார். அமெரிக்க மிஷன் 1841 இல் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கிவிட்டது. நாவலர் தாமும் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, வேதாகம மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றவர். பொதுமக்களுக்கு விளங்கும் வசனத்தின் வலிமையை அவர் அங்கே கண்டிருப்பார் என்று சொல்வதில் நமக்கு நாணமொன்றுமில்லை. 1848 இல் அவ்வேலையை விட்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கினார். அப்பயணத்தில் அவர் அச்சிட்டவை சூடாமணி நிகண்டுரையும் சௌந்தரியலகரி உரையும். ஒன்று சொல்லகராதி, மற்றொன்று அழகின் அலை என்று பெயர்பெற்ற தோத்திரம்! தற்செயலாகவே இருக்கட்டும், நாவலரின் எழுத்துப்பணி முழுவதற்கும் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் நமக்குத் தோன்றவில்லை. நாம் மேலே சொன்ன நன்னூலை அதன் விருத்தியுரையோடு 1851 இற் பதிப்பித்தவரும் அவரே. ஆகவே நூலழகு பத்தும் அவருடைய மேசைமேலேயே கிடந்தன.

1852 இற் பெரியபுராண வசனம் வெளிவந்தது. சேக்கிழார் 4,000 க்கு மேற்பட்ட விருத்தங்களிற் பாடியதை, செய்யுள் பயிலாத ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து தாமே வாசிக்கும்படி செய்தார் நாவலர். அவ்வசனத்தை எடுத்துப் பாருங்கள். சொற்களைப் புணர்த்தி முடிச்சுப்போட்ட இடங்கள் பல அவிழ்க்கப்பட்டிருக்கின்றன. காற்புள்ளியும் அரைப்புள்ளியும் இட்டு, மூச்சுவிடும் இடம் காட்டப்பட்டிருக்கின்றது. ஏட்டில் இல்லாத புள்ளி இங்கே வாசிப்பவன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கின்றது. நாயனார் ஒருவர் அடியாரைக் கண்டார், வணங்கினார், வீட்டுக்கு அழைத்துச் சென்றார் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செயலே நிகழும். ஆசிரியர் இடையில் வந்து தம் புலமையைக் காட்டுவதில்லை. அத்தனை இலக்கணமும் கற்ற ஒருவர் அதைக் காட்டாமல் எழுதியதைத்தான் நாம் அழகு என்கிறோம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நாவலர் சாதியாசாரத்தைக் கைவிட்டவரல்லர். அவருடைய வசனம் எல்லாருக்கும் விளங்கக்கூடியதாயிருந்தது. அவருடைய பாடசாலை வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. எழுத்து ஒரு வழியிற் செல்ல எழுதியவர் அதன் பின்னே முழுதும் செல்லாது நின்றுவிட்டார். இதைச் சொல்வதனால் அவர் பெருமை குன்றும் என்று அஞ்சும் பெரியோர் நம்மைப் பொறுத்தருள்க.

நாவலர் மறைந்த 1879 ஆம் ஆண்டிலேயே சேர் முத்துக்குமாரசுவாமியும் காலமானார். அவர் விட்டுச்சென்ற சட்டநிரூபண சபை இடத்துக்கு அவருடைய மருமகன் இராமநாதனே தக்கவர் என்று யாழ்ப்பாணத்திற் கூட்டம் கூட்டியவர் நாவலர். அப்போது முத்துக்குமாரசுவாமியின் மகன் இரண்டு வயதுக் குழந்தை; ஆங்கிலத் தாயாருடன் இங்கிலாந்தில் வளர்ந்து வந்தான். அக்குழந்தையே 1877 இற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. எழுத்தின் அழகைப் பேசி வந்த நாம், வாழ்க்கைப் பொருள்களின் அழகுக்கு அவரை முன்னிட்டே செல்லவேண்டும்.

அவர் கலை கற்க இலங்கைக்கு வந்தவரல்லர்; கல்லும் கனிப்பொருளும் ஆராயவே வந்தார். 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்து மலைநாட்டுக் கிராமங்களிலெல்லாம் சுற்றித் திரிந்தார். கல்லைத் தேடிப் போன இடத்திற் கொல்லனையும் நெசவாளனையும் தச்சனையும் குயவனையும் கண்டார். பாக்குவெட்டியிலும் சுண்ணாம்புக் கரண்டகத்திலும் பாயிலும் பானையிலும் அழகு இருப்பதையும், அதைச் செய்யும் கைகள் ஆதரிப்பாரற்று ஓய்ந்து வருவதையும் கண்டார். 1815 இற் கண்டி அரசு வீழ்ந்தபின், அத்தொழிலாளரை நிலமானியம் கொடுத்துத் தாங்கிய ஒழுங்கும் படிப்படியாய்க் குலைந்ததே அதற்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு.

இதையெல்லாம் அவர் எழுதிய இடைக்காலச் சிங்களக் கலை என்னும் ஆங்கில நூல் பிறந்த விதமே ஒரு வரலாறு. வில்லியம் மொறிஸ், சோசர் என்னும் பழைய ஆங்கிலப் புலவரின் நூலை அச்சிட்ட அதே கையச்சியந்திரம் இங்கிலாந்திற் குமாரசுவாமியின் வசம் வந்திருந்தது. புரோட் கம்டன் என்னும் சிற்றூரிலே, தாம் குடியிருந்த பழைய தேவாலயக் கட்டடத்தில் அதை வைத்து, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை பதினைந்து மாதம் உழைத்து 425 பிரதிகள் அச்சிடுவித்தார். கையினாற் செய்யும் தொழிலைப் பற்றிய நூலைக் கையினாலேயே செய்யவேண்டும் என்பது அவர் பிடிவாதம். 425 பிரதி எத்தனை கொல்லன் வீட்டுக்குப் போயிருக்கும் என்று நாம் கேட்கலாம். ஒன்றும் போயிராது. நாவலருடைய மலிந்த விலைப் புத்தகங்கள் போன இடத்துக்கு இது போகவில்லை.

பின்னர் 1917 முதல் 1947 இல் மறையும்வரை பொஸ்தன் நகர நுண்கலைக் கண்காட்சிச்சாலையிற் பணிபுரிந்தபோதும் அவர் சொல்லிவந்தது இதுவே: கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் வைத்துப் பார்க்கும் பொருள்கள் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவையல்ல, கும்பிடவும் உடுக்கவும் சமைக்கவும் செய்யப்பட்டவை. கலைஞர் என்றொரு தனிக்கூட்டம் இல்லை. தன் வேலையைச் செவ்வையாகச் செய்கிறவன் எவனோ அவனே கலைஞன்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நம் வீட்டு ஆச்சிதான் நினைவுக்கு வருவார். ஆச்சிக்கு எழுத்தறிவில்லை. மாலையில் விறாந்தையிற் கால்நீட்டி இருந்து சார்வோலை வார்ந்து கடகம் இழைப்பார். ஏட்டுக்கு ஓலை தந்த அதே பனைதான் கடகத்துக்கும் ஓலை தந்தது. காய்ந்த காவோலை வேலிக்கும் அடுப்புக்கும் போகும். ஓலையை ஒரே அகலத்தில் வாரவேண்டும் என்பதில் ஆச்சி வலு கண்டிப்பு. நாம் சிறுவயதில் வார்ந்து கொடுத்ததை விரலால் தடவிப் பார்த்து, "இது ஆகாது மோனை" என்று அப்பால் எறிவார். விளிம்புக்கு நார் கட்டி முடிந்ததும், ஒரு சுண்டு எள்ளை உள்ளே கொட்டிக் கடகத்தைத் தூக்கி ஆட்டுவார். ஓர் எள்ளும் சிந்தாவிட்டால், "வடிவாய் வந்திட்டுது" என்பார். எள் சிந்திய கடகத்தைப் பற்றி, எவ்வளவு சாயவோலை வைத்துப் பூப்போட்டிருந்தாலும், அச்சொல்லை அவர் வாயால் நாம் கேட்டதில்லை. சந்தையில் வாங்குவோரும் அப்படியே. முகப்பைப் பாராமல் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பர்.

அதே ஆச்சி புராணபடன காலத்திற் கோயிலுக்குத் தவறாமற் போவார். கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளை வசனத்திலே எடுத்துச் சொல்வார். செய்யுள் ஆச்சிக்கு விளங்காது. பொருள் சொல்வோர் தம் வித்துவத்தைக் காட்டத் தொடங்கினால் தூணிற் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார். நேராகச் சொல்வோர் வந்தால் நிமிர்ந்திருந்து கேட்டு, சூரன் மாமரமாய் நின்ற இடத்திற் கண்ணீர் விடுவார். திரும்பி வரும்போது, "இண்டைக்குப் பயன் சொன்னவர் வடிவாய்ச் சொன்னார்" என்பார். செய்யுளின் பொருளை எடுத்துரைப்பதற்கு யாழ்ப்பாணத்திலே பயன் சொல்லுதல் என்றுதான் பெயர்.